குழந்தை இருக்கையைப் பிடித்திருப்பது எது?

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல், தனியார் வாகனங்களில் பயணம் செய்யும் குழந்தைகளை அவர்களுக்கென்று அமைந்த பாதுகாப்பு இருக்கையில் அமர்த்தித்தான் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த அந்தோணி லோக், தொடக்க மாதங்களில் சம்மன் கொடுக்கப்படாது, அது விழிப்புணர்வுக் காலமாகவே இருக்கும் என்று அறிவித்தார். டாக்சி, பேருந்து போன்றவை இந்த விதிக்குள் வரவில்லை. கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் நகரங்களிலும், பீடோங், பாடாங் செராய், லூனாஸ், பாலிங் வட்டாரத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே இந்த விதி பெரும்பாலும் ஒரு பொருளை வாங்கும் கேள்வியாகவே போய்ச் சேர்ந்தது. எந்த இருக்கை, என்ன விலை, எத்தனை வயது வரை என்று விசாரித்தவர்கள் பலர். அந்த இருக்கை வண்டியோடு எப்படிப் பிணைக்கப்படுகிறது என்று விசாரித்தவர்கள் மிகச் சிலர். ஆனால் மோதலின்போது குழந்தையின் உயிர் தங்கியிருப்பது அந்த இரண்டாவது கேள்வியில்தான். எவ்வளவு விலை உயர்ந்த இருக்கையானாலும், வண்டியின் உடலோடு இறுகச் சேராவிட்டால், அது குழந்தையையும் சுமந்துகொண்டு முன்னால் பாயும் ஒரு பிளாஸ்டிக் கூடாகிவிடும்.

மோதலில் நடப்பதைக் கணக்காகப் பார்த்தால் இது விளங்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் சுவரில் மோதுவது, பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். காரின் முன்பகுதி நசுங்கியும் பெல்ட் சற்றே இழுபட்டும் கொடுக்கும் இடத்தைச் சேர்த்து, உள்ளே இருப்பவரின் உடல் அரை மீட்டர் தொலைவுக்குள் நின்றாக வேண்டும் என்று கொள்வோம். அப்போது உடலின் மேல் விழும் விசை அதன் எடையைப் போல் ஏறத்தாழ இருபது மடங்காகிறது. பத்துக் கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த இருநூறு கிலோவைத் தாங்கும் வலு வேண்டும். பத்துக் கிலோ அரிசிப் பைகள் இருபதை ஒரே வீச்சில் கையில் ஏந்துவதற்கு ஒப்பானது அது. இது முழுவதும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மோதல் நிகழ்கிறது என்று மூளை உணர்ந்து கைத்தசைகளை இறுக்கச் சொல்வதற்குள் குழந்தை கையை விட்டுப் போயிருக்கும். இது ஊருக்குள் ஓட்டும் வேகத்துக்கான கணக்கு. கெடாவின் ஊடாகச் செல்லும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 110 கிலோமீட்டர்; இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு உயர்வதால், அங்கே ஆற்றல் ஐந்து மடங்கை நெருங்குகிறது.

இந்தக் கணக்கைத் தோட்டத்துக் குடும்பங்களின் பயண வழக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பது அவசியம். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்கோ, சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத்துக்கோ, தீபாவளிக்குப் பிறந்த தோட்டத்துக்கோ போகும் காரில், பின்னிருக்கையில் பாட்டியின் மடிதான் குழந்தைக்கு உரிய இடமாகத் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. குழந்தை அழுதால், ‘பிள்ளையை எடுத்து மடியில வைச்சுக்கம்மா, எவ்வளவு நேரம் கட்டிப் போடுறது’ என்ற குரல் உடனே எழும். அந்தக் குரலில் இருப்பது முழுக்க முழுக்க அன்பு. அதனால்தான் அதை மறுத்துப் பேச ஒரு மருமகளுக்கோ மகனுக்கோ நா எழுவதில்லை. ஆயினும் அந்த மடி இரண்டு வகையில் ஆபத்தானது. பாட்டி பெல்ட் போட்டிருந்தால், குழந்தை மட்டும் அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டு முன்னிருக்கையின் முதுகிலோ கண்ணாடியிலோ மோதும். பாட்டியும் பெல்ட் போடவில்லை என்றால், அறுபது கிலோ எடையுள்ள அவருடைய உடல் குழந்தையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுபோய் முன்னிருக்கையின் மேல் நசுக்கும். குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வதும் அதே விளைவையே தரும்.

மடியின் மீதுள்ள இந்த நம்பிக்கை தமிழர்களிடம் மட்டும் காணப்படுவதன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாது முயன்றதன் பயனாக, குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய அந்நாட்டின் முதல் சட்டம் 1978இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டமன்றத்தில் அதில் ஒரு விலக்கு நுழைக்கப்பட்டிருந்தது: பெரியவர் ஒருவர் கையில் ஏந்தியிருக்கும் குழந்தைக்கு இருக்கை தேவையில்லை. தாயின் கையைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்ற உணர்ச்சிதான் அந்த விலக்குக்குக் காரணம். அது குழந்தைகளை நசுக்கும் விலக்கு என்று அதன் எதிர்ப்பாளர்கள் பெயரிட்டுப் போராடினார்கள். 1981இல் அது நீக்கப்பட்டது. ஒரு சட்டமன்றமே தடுமாறிய இடத்தில் கெடாவின் ஒரு குடும்பம் தடுமாறுவதைக் குறையாகச் சொல்ல ஏதுமில்லை. ஆனால் தெரிந்த பிறகும் மடியிலேயே வைத்துக்கொள்வதற்கு நியாயம் சொல்ல முடியாது.

பெரியவர்களின் பெல்ட்டையே குழந்தைக்கும் போட்டால் போதாதா என்ற கேள்விக்கு விடை குழந்தையின் உடலமைப்பில் இருக்கிறது. கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கோ அது ஏழில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் கனத்த தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் முதல் சில ஆண்டுகளில் முழு எலும்பாக இறுகியிருப்பதில்லை; துண்டு துண்டாக, இடையிடையே குருத்தெலும்பால் இணைந்திருக்கும். முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டை பிடித்து நிறுத்தும்போது தலை மட்டும் முன்னால் வீசப்பட்டு, அந்த முழு இழுவையும் கழுத்தின் மேல் விழுகிறது. கழுத்தின் உறை நீண்டு கொடுத்தாலும் உள்ளே இருக்கும் தண்டுவடம் அந்த அளவுக்கு நீளாது. வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் குழந்தை இறந்துபோவதோ, கைகால் செயலற்றுப்போவதோ இதனால் நேரலாம்.

இதற்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் சுவீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன். விண்கலம் மேலெழும்போது வீரர்கள் முதுகுப்புறம் முழுவதும் படிந்தபடி படுத்திருப்பதால், விசை ஓரிடத்தில் குவியாமல் முதுகெங்கும் பரவுகிறது என்பதைக் கண்ட அவர், அதே ஏற்பாட்டைக் காருக்குள் குழந்தைக்குச் செய்ய முடியும் என்று எண்ணினார். குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தால், முன்னால் மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்தே இருக்கையின் ஓட்டில் அழுந்தும். தலை தனியாக வீசப்படாது. 1964இல் வால்வோ கார் ஒன்றில் இந்த முன்மாதிரி சோதிக்கப்பட்டது. இன்றுவரை சுவீடனில் நான்கு வயது வரைகூடக் குழந்தைகளைப் பின்னோக்கியே அமர்த்துவது வழக்கமாக இருக்கிறது. கெடாவில் பல குடும்பங்கள் குழந்தை ஒரு வயதை எட்டுவதற்குள்ளேயே இருக்கையை முன்பக்கம் திருப்பிவிடுகின்றன. கால் மடங்குகிறது, வெளியே பார்க்க முடியாமல் அழுகிறது என்பவை சொல்லப்படும் காரணங்கள். மடங்கிய கால் குழந்தைக்கு வலிப்பதில்லை. சப்பணமிட்டு உட்காரும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். இருக்கை அனுமதிக்கும் உயரமும் எடையும் நிரம்பும் வரை பின்னோக்கியே வைத்திருப்பதுதான் முறை. இதில் மீறவே கூடாத ஒரு தடை உண்டு: முன்னிருக்கையில் காற்றுப்பை இயங்கும் நிலையில் இருக்கும்போது, பின்னோக்கிய இருக்கையை அங்கே வைக்கக் கூடாது. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும் அந்தப் பை, குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைத்தான் முதலில் தாக்கும்.

இனி பிணைப்புக்கு வரலாம். மோதலில் காரின் முன்பகுதி நசுங்குவது ஒரு நன்மை; அந்த நசுங்கலே வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. வண்டியின் உடலோடு இறுகச் சேர்ந்திருப்பவர் வண்டி வேகம் குறையும் முதல் கணத்திலிருந்தே தாமும் வேகம் குறைகிறார். தளர்ந்திருப்பவரோ, அந்தத் தளர்வு தீரும் வரை பழைய வேகத்திலேயே போய், வண்டி ஏறக்குறைய நின்றுவிட்ட பிறகு ஒரே வெட்டில் நிறுத்தப்படுகிறார். குழந்தை விஷயத்தில் இந்தத் தளர்வு இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கலாம்: வண்டிக்கும் இருக்கைக்கும் நடுவில், இருக்கைக்கும் குழந்தைக்கும் நடுவில். இரண்டிலும் சில சென்டிமீட்டர் சேர்ந்துவிட்டால், குழந்தையின் தலை முன்னிருக்கையின் முதுகைத் தொடும் தொலைவுக்குப் போய்விடும். சோதனைக்கூடத்தில் மோதலில் பொம்மையின் தலை எவ்வளவு தூரம் முன்னால் போகிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, அதற்கு உச்ச வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான்.

கெடாவின் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலான குழந்தை இருக்கைகள் காரின் சொந்த பெல்ட்டாலேயே பிணைக்கப்படுகின்றன. அந்த பெல்ட் எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் அதை நம்புவது கடினம். காரின் மூன்றுமுனை பெல்ட்டை மெதுவாக இழுத்தால் தாராளமாக நீண்டு வரும். வெடுக்கென்று இழுத்தாலோ, வண்டி திடீரென வேகம் குறைந்தாலோதான் சுருட்டிக்குள் இருக்கும் பூட்டு விழும். பெரியவர்களுக்கு இது வசதி. குழந்தை இருக்கையை வைத்து அந்த பெல்ட்டைச் சும்மா மாட்டிவிட்டால், ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பள்ளத்திலும் இருக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஆடி, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே போகும். செம்மண்ணும் குழியுமாகக் கிடக்கும் தோட்டத்துச் சாலையில் பத்து நிமிடம் ஓடினாலே இந்தத் தளர்வு கையில் தட்டுப்படும். ஆகவேதான் நல்ல இருக்கைகளில் பெல்ட்டை நடுவில் கவ்விப் பிடித்துக்கொள்ளும் ஒரு பூட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பெல்ட் செல்ல வேண்டிய பாதையும் நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும்: பின்னோக்கி வைக்கும்போது நீலப் பாதை, முன்னோக்கி வைக்கும்போது சிவப்புப் பாதை. இரண்டையும் மாற்றிப் போடுவது பரவலாகக் காணப்படும் பிழைகளில் ஒன்று.

முறையாகப் பொருத்துவதற்கு உடல் வலுவும் வேண்டும். இருக்கையைக் காரின் பின்னிருக்கையில் வைத்து, ஒரு முழங்காலை அதற்குள் ஊன்றி, உடல் எடை முழுவதையும் அதன் மேல் சாய்த்துக்கொண்டு, மெத்தை அமுங்கிய அந்த நிலையிலேயே பெல்ட்டின் இடுப்புப் பகுதியை முதலிலும் தோள் பகுதியைப் பிறகும் இழுத்து இறுக்க வேண்டும். பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். பிறகு, பெல்ட் இருக்கைக்குள் நுழையும் இடத்தைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் மறுபடியும் தொடங்க வேண்டும். இருக்கையின் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதில் பொருளில்லை. பிடிமானம் இல்லாத அந்த இடம் எப்படியும் ஆடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில கார்களில் பெல்ட்டின் கொக்கி வந்து மாட்டும் பகுதி நீண்ட தண்டின் நுனியில் இருக்கும். அது குழந்தை இருக்கையின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் வளைந்து படிந்தால், மோதலின் இழுவையில் பெல்ட் தாங்கினாலும் கொக்கி உடைந்து திறந்துவிடலாம். கொக்கி விளிம்பில் படாமல், பெல்ட்டின் துணிப்பகுதியே இருக்கையைத் தொடுகிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இத்தனை பிழைகளுக்கு இடம் கொடுப்பதே பெல்ட் பிணைப்பின் குறை. அதைத் தீர்க்கப் பிறந்ததுதான் ஐசோஃபிக்ஸ் என்ற ஏற்பாடு. 1990களில் ஐரோப்பாவில் இருக்கை செய்வோரும் கார் செய்வோரும் கூடி உருவாக்கிய இது, 1999இல் பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாக வெளியிடப்பட்டது. காரின் பின்னிருக்கையில் முதுகும் அடியும் சந்திக்கும் இடுக்கில், ஆறு மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு இரும்புக் கம்பிகள், ஒன்றுக்கொன்று 280 மில்லிமீட்டர் இடைவெளியில், காரின் உடலோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். குழந்தை இருக்கையின் இரண்டு கொக்கிகள் அந்தக் கம்பிகளைக் கவ்விக்கொள்ளும். கவ்விவிட்டால் பல இருக்கைகளில் சிவப்புக் குறி பச்சையாக மாறும். ஆனால் இரண்டு புள்ளிகளில் மட்டும் பிடித்த எதுவும், மோதலில் அந்தப் புள்ளிகளை அச்சாகக் கொண்டு முன்னால் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்க மூன்றாவது பிடி ஒன்று கட்டாயம் வேண்டும். அது இருக்கையின் தலைப்புறத்திலிருந்து பின்னால் சென்று, காரின் பின்பலகையிலோ பின்னிருக்கையின் முதுகிலோ உள்ள கொக்கியில் மாட்டும் மேல்பட்டையாக இருக்கலாம். அல்லது இருக்கையின் முன்புறத்திலிருந்து இறங்கிக் காரின் தரையில் ஊன்றும் தாங்குகாலாக இருக்கலாம். மேல்பட்டையை மாட்டாமல் விடுவது உலகெங்கும் உள்ள பிழை. மாட்டினால் தலை முன்னால் வீசப்படும் தூரம் வெகுவாகக் குறைகிறது. தாங்குகால் உள்ள இருக்கையை வாங்குபவர்கள், தங்கள் காரின் தரைக்கடியில் பொருள் வைக்கும் குழிவான பெட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் மூடியின் மேல் ஊன்றிய கால் மோதலின்போது உள்ளே இறங்கிவிடும். பிடிமானத்துக்கு எடை வரம்பும் உண்டு: குழந்தையும் இருக்கையும் சேர்ந்து 33 கிலோவுக்கு மேல் ஐசோஃபிக்ஸ் கம்பிகளை மட்டும் நம்பக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐசோஃபிக்ஸ் இருந்தால்தான் பாதுகாப்பு, பெல்ட்டால் கட்டுவது ஏழைகளுக்கான இரண்டாந்தரம் என்ற எண்ணம் கடைகளிலும் பெற்றோரிடையேயும் பரவியிருக்கிறது. அது சரியன்று. ஐசோஃபிக்ஸின் சிறப்பு பிழை நேரும் வாய்ப்பைக் குறைப்பதில் இருக்கிறது. சரியாக இறுக்கப்பட்ட பெல்ட்டைவிட அது பெரிதும் வலியது என்பதில் இல்லை. பெல்ட் ஒரு வளர்ந்த மனிதரையே பிடித்து நிறுத்துவதற்கென்று செய்யப்பட்டது. ஐசோஃபிக்ஸ் கம்பியே இல்லாத பழைய கஞ்சில் காரையோ முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவையோ வைத்திருக்கும் தோட்டக் குடும்பம், பின்னிருக்கையில் நல்ல மூன்றுமுனை பெல்ட் இருக்குமானால், பெல்ட்டால் பிணைக்கும் அங்கீகாரம் பெற்ற இருக்கையைக் கொண்டு தன் குழந்தையை உரிய முறையில் காக்க முடியும். புதிய கார் வாங்கும் வரை காத்திருக்கலாம் என்று எண்ணி, அதுவரை மடியில் வைத்துக்கொள்வதுதான் பெரிய தவறு.

அங்கீகாரம் என்பது இருக்கையில் ஒட்டப்பட்ட செம்மஞ்சள் நிறச் சீட்டில் தெரியும். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும், அதை அடுத்து நாட்டுக்கான எண்ணும், ஐக்கிய நாடுகள் விதிமுறையின் எண்ணும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். விதிமுறை எண் 44 எடையை அடிப்படையாகக் கொண்டது. 2013இல் வந்த எண் 129 உயரத்தை அடிப்படையாகக் கொண்டது. பதினைந்து மாதம் வரை குழந்தையைப் பின்னோக்கியே அமர்த்தச் சொல்கிறது. பக்கவாட்டு மோதலையும் சோதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரோடு பழைய எண் 44 இருக்கைகளின் விற்பனை முடிவுக்கு வந்தது. ஆயினும் முறையாக அங்கீகரிக்கப்பட்டு நல்ல நிலையில் இருக்கும் அத்தகைய இருக்கை வீட்டில் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இரு விதிமுறைகளிலும் இருக்கையைச் சறுக்குத் தளத்தில் பொருத்தி, உணர்கருவிகள் பதித்த பொம்மையை அமர்த்தி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முன்மோதலாக நிறுத்திப் பார்க்கிறார்கள். இணையச் சந்தையில் மிகக் குறைந்த விலைக்கு வரும் சில துணி இருக்கைகள், அதாவது ஓடு ஏதுமின்றி வெறும் மெத்தையும் நாடாவுமாக இருப்பவை, இந்தச் சோதனைக்குள் போனவையே அல்ல. அவற்றை வாங்குவது பணத்தை மட்டும் இழப்பதோடு நிற்காது.

கார்களைப் பொறுத்தவரை மலேசியாவுக்குப் பெருமை தரும் ஒரு செய்தி உண்டு. 2007இல் நிறுவப்பட்ட மைரோஸ் எனப்படும் மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம், 2011இல் உலகளாவிய கார் மதிப்பீட்டு அமைப்போடு சேர்ந்து ஆசியான் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பகுதியின் 40 விழுக்காடு மட்டும் தடுப்பில் மோதும்படி காரை ஓட்டி, பின்னிருக்கையில் ஒன்றரை வயது, மூன்று வயது அளவிலான இரண்டு பொம்மைகளைக் குழந்தை இருக்கைகளில் அமர்த்திச் சோதிக்கிறார்கள். 2017இல் நடைமுறைக்கு வந்த மதிப்பீட்டு முறையில் ஒட்டுமொத்த மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு குழந்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு வந்த புதிய பெரோடுவா மைவி ஐந்து நட்சத்திரம் பெற்றது. கெடாவின் குடியிருப்புப் பகுதிகளில் தெருவுக்குத் தெரு நிற்கும் ஒரு சாதாரணக் கார் அந்தத் தரத்தை எட்டியது பெரிய மாற்றம். ஆனால் அந்தப் பொம்மைகள் முறையாகக் கட்டப்பட்டிருந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

இருக்கைக்கும் குழந்தைக்கும் நடுவில் உள்ள பிணைப்பும் இதே அளவு முக்கியம். இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கிடையில் ஒன்று என ஐந்து முனைகளில் பிடிக்கும் பட்டையை இறுக்கிய பின், தோளருகே அந்தப் பட்டையை இரு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு விழுந்தால் அது தளர்வு. பின்னோக்கிய இருக்கையில் தோள்பட்டை குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ, முன்னோக்கிய இருக்கையில் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலேயோ தொடங்க வேண்டும். குழந்தைக்கு மெத்தென்றிருக்கட்டும் என்று முதுகுக்கடியில் துண்டையோ பழைய சேலையையோ மடித்து வைப்பது, மோதலில் அந்தத் துணி அமுங்கும் அளவுக்குத் தளர்வை முன்கூட்டியே சேர்த்து வைப்பதாகும். வெயிலில் நின்ற காரில் கொக்கி சூடேறிக் குழந்தையின் தோலைச் சுடும் என்ற கவலை நியாயமானது; காரை விட்டு இறங்கும்போது ஒரு துணியை இருக்கையின் மேல் போர்த்திவிட்டு, குழந்தையை அமர்த்தும் முன் எடுத்துவிட்டால் அது தீரும்.

ஐந்துமுனைப் பட்டையைத் தாண்டி வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியது பூஸ்டர் எனப்படும் உயரம் கூட்டும் இருக்கை. பிள்ளையை உயர்த்தி, காரின் பெல்ட் இடுப்பெலும்பின் மேலும் தோளின் நடுவிலும் படியச் செய்வதே அதன் வேலை. அது இல்லாவிட்டால் பெல்ட் வயிற்றின் மேல் ஏறிக்கொள்ளும். மோதலில் பிள்ளை பெல்ட்டுக்கடியில் வழுக்கிச் செல்ல, குடலும் முதுகெலும்பும் சேதமடையும். உயரம் ஏறத்தாழ 145 சென்டிமீட்டரை எட்டும் வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தேவைப்படும். முதல் வகுப்பில் சேர்ந்ததுமே ‘பெரிய பிள்ளை’ ஆகிவிட்டதாகக் கருதி இதை விட்டுவிடுகிறார்கள். பழைய கார்களின் நடு இருக்கையில் இடுப்புப் பெல்ட் மட்டுமே இருக்கும். அங்கே பூஸ்டரை வைக்கவே கூடாது.

தோட்டப் பின்னணியில் வரும் குடும்பங்களுக்கு இதில் உண்மையான இடர்கள் இருக்கின்றன. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியத்தில் வாழும் வீட்டில், ஒரு குழந்தைக்குச் சில நூறு ரிங்கிட் என்றாலும் அது யோசிக்க வைக்கும் தொகை. மூன்று குழந்தைகள் என்றால் பின்னிருக்கையின் அகலமும் போதாது. அக்கா பிள்ளைக்கு வாங்கியதைத் தங்கை பிள்ளைக்குக் கொடுப்பது இயல்பாக நடக்கிறது. அதில் தவறில்லை, அந்த இருக்கை விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால், அதன் அடியில் குறிக்கப்பட்ட காலம் முடியாமல் இருந்தால், பட்டைகளும் பூட்டும் பழுதின்றி இருந்தால். முன்பின் தெரியாதவரிடம் வாங்கும் பழைய இருக்கைக்கு இந்த உறுதி கிடைப்பதில்லை.

இதைவிடக் கடினமான உண்மை, பல குழந்தைகள் காரிலேயே போவதில்லை என்பது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கும், கூலிம் தொழிற்பேட்டை வேலைக்குப் போகும் வழியில் பிள்ளை பார்ப்பவர் வீட்டுக்கும், தந்தையின் முன்னால் டேங்கின் மேலும் தாய்க்கும் தந்தைக்கும் நடுவிலும் அமர்ந்து செல்லும் குழந்தைகளுக்கு எந்தப் பிணைப்பும் கிடையாது. அளவான தலைக்கவசம் ஒன்றே அவர்களுக்குச் சாத்தியமான காப்பு. காரில் போகும் குழந்தைக்குச் சட்டம் தேடித் தந்ததை இவர்களுக்கும் தேடித் தர, நேரத்துக்கு வரும் பாதுகாப்பான பள்ளிப் பேருந்து தேவைப்படுகிறது. குழந்தை இருக்கை பற்றிய பேச்சு இவர்களை மறந்துவிட்டு முழுமையாகாது.

இருக்கையை வாங்கிவிட்டவர்கள் விஷயத்தில் செய்யக்கூடியது உடனடியாகவே இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த கள ஆய்வு ஒன்றில் ஏறத்தாழப் பாதி இருக்கைகள் ஏதேனும் ஒரு வகையில் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. கையேட்டைத் தமக்குப் பழக்கமான மொழியில் படிக்க வாய்ப்பில்லாத பெற்றோருக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதலாகவே இருக்கும். கடைக்காரர் பெட்டியைக் கொடுத்ததோடு ஒதுங்கிக்கொள்கிறார். கெடாவில் ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களும் தவறாமல் போகும் ஓரிடம் அரசு சுகாதாரக் கிளினிக். தடுப்பூசிக்கும் எடை பார்ப்பதற்கும் குழந்தையின் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் அங்கே வருகிறார்கள். பலர் காரிலேயே வருகிறார்கள். அந்தப் புத்தகத்தில் எடையையும் உயரத்தையும் எழுதும் தாதியே, வாசலில் நிற்கும் காருக்குப் போய், இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, மேல்பட்டை மாட்டியிருக்கிறதா, பட்டையில் மடிப்பு விழுகிறதா என்று பார்த்துச் சொல்லும் வகையில் அவருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தால் போதும். குழந்தையின் எடை அந்த இருக்கையின் வரம்பைத் தாண்டும் மாதத்தை முதலில் அறிபவரும் அவர்தான்.